மொட்டைமாடி மேலவை

தேர்தலில் தோற்ற மனிதன் அதற்குப் பிறகு எங்கே போய் உட்காருவான் என்பது லேசான கேள்வி அல்ல. அரசியல் சட்டத்தை எழுதிய பெரியவர்கள் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். மாநிலங்கள் விருப்பப்பட்டால் மேலவை என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விளாங்குடிக்கு மேற்கே உள்ள புதுமலர் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்தின் விதிகளை எழுதியவர்களுக்கு அந்த முன்யோசனை இல்லை. ஆகவே தொண்ணூற்றேழாம் வருடம் ஆடி மாதம், பதினொரு வருடமாகச் சங்கத் தலைவராக இருந்த லட்சுமிநாராயணன் மூன்று ஓட்டில் தோற்றபோது, போவதற்கு இடமில்லாமல் தன் வீட்டு மொட்டைமாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஜெயித்தவன் அழகுபாண்டி. உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர். பரவையில் சிமெண்டுக் குழாய், ஜன்னல் கம்பி, சிலாப்பு விற்கிற கடை வைத்திருந்தான். அவன் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: தெருமுனைப் பள்ளத்தை மூடுவேன்.

அந்தப் பள்ளத்தை ஏதோ ஒரு ஆபீஸ்காரர்கள் சாக்கடைக்காகத் தோண்டி, ஏதோ ஒரு காரணத்துக்காக அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். லட்சுமிநாராயணன் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். தன் பதினொரு வருட ஆட்சியில் அதைப் பற்றி நூற்று நாற்பத்து மூன்று மனுக்கள் எழுதியிருந்தார். நூற்று நாற்பதுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மூன்றுக்கு மட்டும், 'ஆவணங்களின்படி அவ்விடத்தில் பள்ளம் ஏதுமில்லை' என்று வந்தது. அதற்குப் பிறகும் பள்ளம் இருந்தது.

அழகுபாண்டிக்கு மனு எழுத வராது. கடையிலிருந்து ஒரு சிலாப்பை வண்டியில் ஏற்றிவந்து போட்டால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம் என்று இருந்தவனைத் தேடி சனிக்கிழமை காலை வசுந்தரா வந்தார். லட்சுமிநாராயணனின் மனைவி.

"தம்பி, நீங்க ஜெயிச்சதைக் குத்தமாச் சொல்லல. ஆனா மூணு நாளா மனுசன் மாடிய விட்டு இறங்கல. சாப்பாட்ட வாளில வச்சுக் கயித்துல ஏத்திக்கிட்டிருக்கேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அழகுபாண்டி இளகின மனசுக்காரன். உடனே போனான். லட்சுமிநாராயணன் தண்ணீர்த் தொட்டி நிழலில் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், கீழ வாங்க சார்."

"கீழ எனக்கு என்ன இருக்கு? கீழதான் நீங்க இருக்கீங்களே." புத்தகத்தை மூடினார். "அழகுபாண்டி, சென்னையில மேலவையக் கலைச்சுப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. மறுபடி கொண்டாரணும்னு பேச்சு அடிபடுது. அவங்க கொண்டார முந்தி நாம கொண்டாந்துட்டா என்ன?"

"நம்ம நகருக்கா? அது என்ன சார் வேலை செய்யும்?"

"நீங்க அவசரப்பட்டு ஏதாவது செஞ்சிட்டீங்கன்னா? அதத் தடுத்து நிறுத்தும்."

"நல்லதச் செஞ்சா?"

"அதையும் நிறுத்தும். முதல்ல மூணு மாசம். திருப்பி அனுப்பி, நீங்க மறுபடி நிறைவேத்துனா இன்னும் ஒரு மாசம். அதுக்கு மேல தடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"அப்ப நாலு மாசம் கழிச்சு எப்படியும் நடந்துரும்."

"நடந்துரும்."

"பெறகு எதுக்கு சார் இது?"

லட்சுமிநாராயணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஜனநாயகத்துக்கு" என்றார்.

வயசான மனுசன், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று அழகுபாண்டி தலையாட்டினான். உலகத்தில் எத்தனையோ துன்பங்கள் இப்படி இரக்கப்பட்டுத்தான் ஆரம்பித்திருக்கின்றன.

மேலவை சட்டப்படி அமைக்கப்பட்டது. சட்டம் என்ன சொல்கிறதென்றால், மேலவை உறுப்பினர் எண்ணிக்கை பேரவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. சங்கத்தின் செயற்குழுவில் பன்னிரண்டு பேர். ஆகவே மேலவைக்கு நாலு பேர்தான். ஆனால் அதில் பட்டதாரிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வேறு இருக்கிறது. நாலில் பன்னிரண்டில் ஒரு பங்கென்றால் ஒரு ஆளை மூன்றாக வெட்ட வேண்டிவரும். இதை யாரும் விரும்பாததால், முதல் விதியை மட்டும் ஒத்திவைத்துவிட்டு மேலவைக்கும் பன்னிரண்டு பேர் என்று வைத்தார்கள். கணக்கு அழகாக வந்தது. பிள்ளையார் கோயில் கமிட்டி, பஜனைக் குழு, கிரிக்கெட் டீம் ஆகிய உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து நாலு பேர். செயற்குழு தேர்ந்தெடுக்க நாலு பேர். ஆசிரியர் ஒருவர். பட்டதாரி ஒருவர். கவர்னர் நியமிக்க இருவர்.

புதுமலர் நகரில் பதினாறு பட்டதாரிகள் இருந்தார்கள். பதினாறு பேரும் நின்றார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, அவரவர் ஓட்டு, விழுந்தது. பட்டதாரித் தொகுதி காலி என்று அறிவிக்கப்பட்டது.

கவர்னருக்கு மொக்கையனைப் பிடித்தார்கள். அந்த இடத்தைப் பிளாட் போட்டு விற்றவர் அவர்தான். 'மூடிய சாக்கடை வசதியுடன்' என்று நோட்டீஸ் அடித்தவர். இப்போது கொட்டாம்பட்டியில் தோப்பு வாங்கி இருந்தார்.

"கவர்னருக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டார் மொக்கையன்.

"கையெழுத்துப் போடுறதுதான்."

"படிச்சுப் பாக்கணுமா?"

"படிக்கிற வழக்கம் இல்லீங்க."

"அப்பச் சரி."

மொக்கையன் இரண்டு பேரை நியமித்தார். அறிவியல் துறையில் டி.வி. மெக்கானிக் விருமாண்டி. இலக்கியத் துறையில், நூற்று நாற்பத்து மூன்று மனுக்கள் படைத்தமைக்காக, லட்சுமிநாராயணன். அவரே அவைத்தலைவரும் ஆனார். மேலவை என்பதால் மேலே, மொட்டைமாடியில், சாமியானா போட்டு உட்கார்ந்தார்கள். செயற்குழு அதே வீட்டுக் கார் ஷெட்டில் கூடியது. அதைக் 'கீழவை' என்று சொன்னால் பன்னிரண்டு பேரும் ராஜினாமா செய்வதாகச் சொன்னதால் 'பேரவை' என்று பெயர் வைத்தார்கள். பேரவைக்கு அமர்வுக்கு ஒரு டீ. மேலவைக்கு டீயோடு இரண்டு வடை. வித்தியாசம் இருக்க வேண்டுமில்லையா?

ஆவணி மாதம் பேரவையின் முதல் கூட்டத்தில், 'தெருமுனைப் பள்ளத்தை மூட வேண்டும்' என்ற தீர்மானம் நாலு நிமிடத்தில் நிறைவேறியது. காகிதத்தை மஞ்சப்பையில் வைத்து, சாப்பாடு ஏற்றிய அதே கயிற்றில் கட்டினார்கள். பை ஆடி ஆடி மேலே போனது. அழகுபாண்டி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் கழித்து விருமாண்டி கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, மூணு மாசம்."

"ஏன்டா? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. எல்லாருக்கும் சம்மதம். ஆனா மூணு மாசம் வச்சிருக்க நமக்கு உரிமை இருக்கு, மொதத் தடவையே அத விட்டுக் கொடுத்தா அப்பொறம் யாரும் மதிக்க மாட்டாங்கன்னு சார் சொல்றாரு."

ஐப்பசியில் மழை பிடித்தது. தெருவும் பள்ளமும் ஒரே மட்டத்தில் தண்ணீராக நின்றன. அழகுபாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி, பால் வாங்கப் போனவள், முட்டளவு தண்ணீர் என்று நினைத்துக் காலை வைத்தாள். கழுத்தளவு போனாள். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். வலது கணுக்கால் முறிந்திருந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு விட்டுவிட்டு, அழகுபாண்டி நேராகக் கடைக்குப் போய் ஒரு சிலாப்பை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. பள்ளத்தருகே வண்டியை நிறுத்தும்போது பேரவையின் மற்றப் பதினொரு பேரும் அங்கே கூடிவிட்டார்கள். மாடியிலிருந்து லட்சுமிநாராயணனின் குரல் வந்தது.

"அழகுபாண்டி! உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா தீர்மானம் இன்னும் எங்க பரிசீலனையில இருக்கு. அவையோட தலைவரே அவைய அவமதிக்கலாமா?"

"எம் பொண்டாட்டி கால் ஒடஞ்சு கெடக்கா சார்!"

"அதுக்காகத்தான் இப்ப அவசரக் கூட்டம் போட்டிருக்கோம். அனுதாபத் தீர்மானம். ரெண்டு அவையும் ஒரே நிமிசத்துல நிறைவேத்திடலாம்."

நிறைவேற்றினார்கள். எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அவள் சாகவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பேரவை உறுப்பினர்களும் முறைப்படி போவதே நல்லது, தலைவரே வழி காட்டவேண்டும் என்று சொன்னார்கள். அழகுபாண்டி சிலாப்பைத் திருப்பிக் கொண்டுபோய், அடுத்த வாரம் ஒரு கிராக்கிக்கு விற்றுவிட்டான்.

மூன்று மாதம் முடிந்த அன்று மஞ்சப்பை இறங்கியது. ஒரே ஒரு திருத்தம். 'மூட வேண்டும்' என்பதை 'மூடப்பட வேண்டும்' என்று மாற்றியிருந்தார்கள். அழகுபாண்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. "சரி, அப்படியே போடுங்கய்யா" என்றான். பேரவை மறுபடி நிறைவேற்றி மேலே அனுப்பியது. யார் மூட வேண்டும் என்பது அந்த ஒரு சொல்மாற்றத்தில் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

பாண்டீஸ்வரிக்கு இது எதுவும் பொறுக்கவில்லை. அவளும் பி.ஏ. படித்தவள்; பட்டதாரிகளை எண்ணியபோது அவளை யாரும் கேட்கவில்லை.

"ஏங்க, பட்டதாரி இடம் காலியாத்தான கெடக்கு? நான் மேல போறேன். உள்ள இருந்து நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்."

பதினாறு பட்டதாரிகளும் அனுதாபத்தில் விலகிக்கொண்டார்கள். அவள் போட்டியின்றித் தேர்வானாள். நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி மாடிப்படி ஏற்றினார்கள். அழகுபாண்டி பின்னாலேயே தலையணையைத் தூக்கிக்கொண்டு போனான். ஆனால் பேரவை உறுப்பினருக்கு அங்கே அனுமதி இல்லை என்று தலையணையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவள் இறங்கி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன். நல்லாத்தான் கேட்டேன். கை தட்டுனாங்க."

"பெறகு?"

"பள்ளத்தப் பத்தி ஆராய ஒரு குழு போட்டிருக்காங்க. நான்தான் தலைவி." வடையில் ஒன்றை முந்தானையில் மடித்து அவனுக்குக் கொண்டுவந்திருந்தாள். "இம்புட்டுப் பேரு எம் பேச்ச வாயத் தொறக்காமக் கேட்டது இதான் மொதத் தடவை. நீங்க என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"சரி, எப்ப மூடுவாங்க?"

"மூடிட்டா குழு எதுக்கு? யோசிச்சுப் பேசுங்க."

அழகுபாண்டி யோசித்தான். வடை நன்றாக இருந்தது.

நாலாவது மாதமும் முடிந்தது. சட்டப்படி தீர்மானம் நிறைவேறிவிட்டது. கவர்னர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அழகுபாண்டி பஸ் ஏறிக் கொட்டாம்பட்டிக்குப் போனான். மொக்கையன் தோப்பில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அதே தடித்த புத்தகத்தின் பிரதி ஒன்று கிடந்தது. லட்சுமிநாராயணன் அனுப்பியிருந்தார்.

"தம்பி, படிக்காமப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். 'மூடப்பட வேண்டும்'னு இருக்கு. யாரால? நோட்டீஸ் அடிச்சவன் நான். நாளைக்கு எந் தலையில விடிஞ்சா? அதனால குடியரசுத் தலைவரோட பரிசீலனைக்கு ஒதுக்கி வச்சுட்டேன். எனக்கு அந்த அதிகாரம் இருக்காம்."

"நம்ம நகருக்குக் குடியரசுத் தலைவர்னு யாரும் இல்லையேங்க."

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் மொக்கையன், இளநீரை நீட்டிக்கொண்டே.

திரும்பிவரும்போது பஸ்ஸிலேயே அழகுபாண்டி முடிவு செய்துவிட்டான். மேலவையைக் கலைப்பது. மேலவையைக் கலைக்கச் சொல்லும் அதிகாரம் பேரவைக்கு உண்டு. மூன்றில் இரண்டு பங்குப் பேர் கையைத் தூக்க வேண்டும். பன்னிரண்டில் எட்டு. அவன் வீடு வீடாகப் போனான். எல்லோருமே மேலவையைத் திட்டினார்கள். அவனைவிட நன்றாகத் திட்டினார்கள். 'தண்டம்ணே', 'வடைக்குப் பொறந்தவய்ங்க', 'நாளைக்கே கலைங்க மாப்ள.' அவனுக்குத் தெம்பாக இருந்தது.

பங்குனியில் பேரவை கூடியது. அழகுபாண்டி தீர்மானத்தைப் படித்தான். "ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. ஒருவர் முதுகைச் சொறிந்துகொண்டார். ஒருவர் டீ டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாதம் அடுத்த தேர்தல். பள்ளம் மூடப்படவில்லை. பன்னிரண்டு பேருமே தோற்கப் போகிறவர்கள் என்பது அந்தக் கார் ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தலைவர் மொதல்ல தூக்கட்டுமே" என்றது ஒரு குரல்.

அழகுபாண்டி தன் வலது கையைப் பார்த்தான். சிலாப்புத் தூக்கிய கை. மேலிருந்து வடை வாசம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வயதுக்குப் பிறகு, தோற்றுப்போய், தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நடப்பது எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தான். பதினொரு வருடம் ஆண்ட மனிதரே மூன்று நாள் மாடியில் உட்கார்ந்தார். தான் எங்கே உட்காருவது? தன் வீடு ஓட்டு வீடு. அதில் மாடியும் கிடையாது.

கை எழும்பவில்லை.

ஆடியில் அவன் தோற்றான். அரசியல் வழக்கப்படி, புதிய பேரவை அவனை மேலவைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. இனி அவரை 'ஆன்' போட்டு எழுதுவது மரபாகாது. மேலவை உறுப்பினர் திரு. அழகுபாண்டி அவர்கள் வெள்ளை வேட்டி கட்டி மாடிப்படி ஏறினார். லட்சுமிநாராயணன் எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய், காற்று வரும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுக்கொடுத்தார். பக்கத்து நாற்காலி பாண்டீஸ்வரியுடையது. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் இருவரும் சேர்ந்து இவ்வளவு நேரம் காற்றாட உட்கார்ந்ததில்லை.

அந்த ஆவணியில்தான் சுருளி வந்தார். தேனிப் பக்கத்துக் கொத்தனார். நகரில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துப் பெண்டாட்டியோடு குடிவந்தார். வாடகைக்காரர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. ஆகவே இரண்டு அவைகள் இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. குடிவந்த மூன்றாம் நாள் பள்ளத்தைப் பார்த்தார். வேலை செய்த இடத்தில் மிச்சமான பலகைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து, ஓரத்தைக் கொத்திச் சமன்செய்து, கலவை பூசிப் பொருத்தினார். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து பத்து மணிக்குக் கைகழுவிவிட்டார்.

பத்தரைக்கு இரண்டு அவைகளும் கூட்டாகக் கூடின. நகரின் வரலாற்றில் அதுவே முதல் கூட்டுக்கூட்டம். ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு, மேல், கீழ் என்ற பேதமில்லாமல் எல்லோரும் கொந்தளித்தார்கள். நிறைவேறிய தீர்மானம் குடியரசுத் தலைவரின் பரிசீலனையில் இருக்கும்போது ஒரு தனிமனிதர், அதுவும் ஓட்டில்லாதவர், மூடுவதா? பள்ள ஆராய்ச்சிக் குழுத் தலைவி பாண்டீஸ்வரி உணர்ச்சிகரமாகப் பேசினார்: தான் கால் ஒடிந்து உழைத்த உழைப்பெல்லாம் வீணாகிவிட்டது என்றார். கண்டனத் தீர்மானம் ஒரே குரலில் நிறைவேறியது. அழகுபாண்டியும் கையைத் தூக்கினார். இந்தத் தடவை கை தானாகவே எழும்பியது. கூட்டம் முடிந்து எல்லோரும் அந்தக் கல்லின் மேல் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.

கல்லைப் பெயர்த்தெடுக்கும் தீர்மானத்தைப் பேரவை மறுநாளே நிறைவேற்றி மேலே அனுப்பியது. அதற்கு மூன்று மாதம். திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அப்புறம் கவர்னர். ஆகவே கல் அங்கேயேதான் இருந்தது. ஆனால் சுருளியை வீட்டைக் காலி செய்யச் சொல்ல எந்த அவையின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. வீட்டுக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

சுருளி டாட்டா வண்டியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அழகுபாண்டி அந்த வழியாக வந்தார்.

"அண்ணே, நீங்க சிலாப்பு யாவாரம் பண்றவரு. நீங்களாச்சும் சொல்லுங்க. பள்ளத்த மூடுனது தப்பாண்ணே?"

"மூடுனது தப்பில்ல சுருளி. மூடணும்னுதான் நாங்களும் ஒரு வருசமாச் சொல்றோம்."

"பெறகு?"

அழகுபாண்டிக்குப் பதில் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அந்த மனிதரின் கையில் இன்னும் போகாத சிமெண்டுக் கறையைப் பார்த்தபோது, அந்தப் பதில் மாடியில் சொன்னால்தான் நன்றாக இருக்கும், தரையில் நின்று சொல்லக்கூடியது அல்ல என்று தோன்றியது.

"பாத்துப் போங்க" என்றார்.

வண்டி புறப்பட்டது. பீரோ, கட்டில், இரண்டு ஆள் பாரத்தோடு தெருமுனையில் அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்கி, திண்டுக்கல் ரோட்டில் திரும்பியது. கல் அசையக்கூட இல்லை.

நல்ல வேலைக்காரன் என்று மேலவை உறுப்பினர் அழகுபாண்டி மனதுக்குள் ஒத்துக்கொண்டார். அவைக்குறிப்பில் அதை ஏற்ற முடியாது.